படம் சரி, வீடுதான் தப்பு

வெளிச்சத்தை நான் நம்புகிறவன் இல்லை. லாரி ஓட்டிப் பிழைத்தவன். எதிரே வருகிறவன் பெரிய லைட்டைத் தணிக்காமல் வந்தால், அவன் பின்னால் ஏதோ இருக்கிறது, அதை நாம் பார்க்கக் கூடாது என்று நினைக்கிறான் என்பது என் கணக்கு. பள்ளிக்கூடத்தில் எனக்கு ஏறாத கணக்கெல்லாம் போக, ரோட்டில் நானாகக் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான். அதையும் இந்த வயதில் தொலைத்தேன். எப்படித் தொலைத்தேன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

விஷயம் இவ்வளவுதான். எங்கள் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. என் மனைவிக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. இறங்கினால் ஏற முடியாது என்பதால் இறங்குவதையே விட்டுவிட்டாள். காய்கறி வாங்குவதுகூட ஜன்னல் வழியாகக் கயிற்றில் கூடை விட்டுத்தான். மகள் இருக்கிற தெருவில், தரையோடு தரையாக ஒரு சின்ன வீடு விலைக்கு வந்தது. அதன் சொந்தக்காரி ஒரு தையல்கார அம்மாள். மகள் முகத்துக்காக மாசக் கடைசி வரைக்கும் வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன், அதற்குமேல் முடியாது என்று சொல்லிவிட்டாள். எங்கள் வீடு விற்றால் அதை வாங்கலாம். விற்காவிட்டால் என் மனைவி தெருவைக் கூடை வழியாகப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

வாசலில் பலகை எழுதித் தொங்கவிடுகிறேன் என்றேன். மாப்பிள்ளை சிரித்தார். படித்தவர், சிரிப்பதும் மரியாதையாகத்தான் சிரிப்பார். இப்போதெல்லாம் எந்த வீடு விற்றாலும் ஒரு நிறுவனத்தின் மூலமாகத்தானாம். ஜனங்கள் கம்ப்யூட்டரில் படம் பார்த்துத்தான் வருவார்களாம். படத்தை நிறுவனத்தின் ஆள்தான் எடுக்க வேண்டும். எடுத்ததை அவர்களுடைய வெளிச்சப் பிரிவு பார்த்து, தகுதி உண்டு என்று சொல்ல வேண்டும். பிறகுதான் வீடு ஊர் கண்ணில் படும்.

நிறுவனத்துக்குப் போன் போட்டேன். சுவர் நிற்கிறதா, கூரை ஒழுகுகிறதா, வீடு என் பேரில்தான் இருக்கிறதா என்று எதுவும் கேட்கவில்லை. வெளிச்சம் எப்படி என்று கேட்டார்கள். பல்பு எரியும் என்றேன்.

மறுநாள் காலை படம் எடுக்கிறவன் வந்தான். கல்யாணத்துக்குச் சமைக்க வந்தவன் போல மூட்டை முடிச்சு, கம்பி, ஸ்டாண்டு. மூச்சு வாங்க மாடி ஏறி வந்தவன் முதல் வேலையாகக் கூடத்தின் நடுவில் ஒரு வெள்ளைக் குடையை விரித்து நிறுத்தினான். கூரை ஒழுகாது தம்பி என்றேன். அவன் அதைக் காதில் வாங்காமல் குடைக்குள் ஒரு ஃபிளாஷைச் சொருகி, ஒரு பொத்தானை அமுக்கினான். பளீர் என்று ஒன்று அடித்தது. எனக்குக் கொஞ்ச நேரம் மனைவியும் தெரியவில்லை, மாடமும் தெரியவில்லை.

அடுப்படியிலிருந்து அவள் குரல் வந்தது. "ஏங்க, மின்னுதே, மொட்டை மாடியில துணி காயுதுங்க."

அன்றிலிருந்து அவனுக்கு எங்கள் வீட்டில் பெயர் மின்னல்.

மின்னல் கெட்டவன் இல்லை. தொழிலை எனக்கு விளக்கிச் சொல்லிக்கொண்டே செய்தான். அதுதான் வினை. ஃபிளாஷை நேராக அடித்தால் பொருளுக்குப் பின்னால் நிழல் விழுமாம். அதனால் கூரையில் அடித்து, அங்கிருந்து கீழே இறங்க விட வேண்டுமாம். படுக்கையறையில் அப்படி அடித்தான். படத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். நானும் எட்டிப் பார்த்தேன். குளத்துக்கு அடியில் கட்டில் போட்டது மாதிரி இருந்தது. எங்கள் படுக்கையறைக் கூரை பச்சை. லாரிக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டை வீணாக்குவானேன் என்று நான்தான் அடித்து வைத்தேன். பச்சையில் பட்ட வெளிச்சம் பச்சையாகத்தானே இறங்கும். தலையணை பச்சை, சுவர் பச்சை, பீரோக் கண்ணாடியில் தெரிந்த என் முகமும் பச்சை.

பிறகு மின்னல் சொன்னான், "அங்கிள், இந்த ரூமுக்கு விண்டோ புல் வேணும். கொஞ்சம் ஜன்னல்கிட்ட வாங்களேன்."

எனக்கு இங்கிலீஷ் லாரியில் எழுதியிருக்கிற அளவுக்குத் தெரியும். விண்டோ என்றால் ஜன்னல். புல் என்றால் இழுப்பது, வங்கிக் கதவில் எழுதியிருக்கும். ஜன்னலை இழுக்கச் சொல்கிறான் என்று இழுத்தேன். அது ஏற்கெனவே துரு ஏறிக் கிடந்த ஜன்னல். வரவில்லை. இன்னும் இழுங்க என்று அவன் சொல்லவில்லை, நானாக இழுத்தேன். வயதானாலும் லாரி டயர் கழற்றிய கை. கதவு ஒரு பக்கம் கீலோடு என் கையில் வந்துவிட்டது.

மின்னல் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். ஜன்னலுக்கு வெளியே இருப்பது உள்ளே எடுக்கிற படத்தில் வெளுத்துப் போகாமல் தெளிவாகத் தெரிகிற மாதிரி, ஃபிளாஷை ஜன்னல் பக்கம் அடித்துத் தனியாக ஒரு படம் எடுத்து ஒட்டுவதற்குத்தான் அந்தப் பெயராம். இழுப்பது படத்தில் நடக்கிற வேலையாம். இதைக் கதவு கையில் வந்த பிறகு சொன்னான்.

எடுத்தான். தெளிவாகத்தான் தெரிந்தது. எங்கள் படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே கையெட்டும் தூரத்தில் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். சுவரில் ஒரு கழிவுக் குழாய். குழாயில் பாசி. வீடு வாங்கின நாளிலிருந்து அந்தக் குழாயை நான் அத்தனை துல்லியமாகப் பார்த்ததில்லை.

படங்கள் தகுதி இல்லை என்று போன் வந்தது. காரணம் கேட்டதற்கு நேரில் வரச் சொன்னார்கள்.

நிறுவனத்தின் கட்டடம் முழுக்கக் கண்ணாடி. ஆனால் வெளிச்சப் பிரிவு கீழ்த்தளத்தில் இருந்தது. வண்டி நிறுத்துகிற இடத்தைத் தாண்டி, ஜெனரேட்டருக்குப் பக்கத்தில், ஜன்னலே இல்லாத ஓர் அறை. ஒரு டியூப்லைட் எரிவதா அணைவதா என்று முடிவு செய்யாமல் துடித்துக்கொண்டிருந்தது. அதன் கீழே வெளிச்ச அதிகாரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டியூப்லைட்டை மாற்றச் சொல்லக் கூடாதா என்று கேட்டேன். அது பராமரிப்புப் பிரிவின் வேலை, அவர்கள் மேல்மாடியில் இருக்கிறார்கள் என்றார்.

என் வீட்டின் படங்களைத் திரையில் காட்டினார். குற்றங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். படுக்கையறை பச்சை. ஜன்னலில் குழாய். ஜன்னலுக்கு ஒரு பக்கம் கதவு இல்லை. பீரோக் கண்ணாடியில் ஒரு மனிதன். அந்த மனிதனின் வழுக்கை மண்டையில் ஃபிளாஷ் பட்டுத் தெறித்து, ஊரிலிருக்கும் நிலா மொத்தமும் பீரோவுக்குள் இறங்கின மாதிரி ஒரு வெளிச்சம். நான் தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

"ஐயா, ஒண்ணு புரிஞ்சுக்கணும். ஜனங்க வீட்டை வாங்கறதில்ல. வீட்டைப் பார்த்தா யாரு வாங்குவா? நானே வாங்க மாட்டேன். ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு மூலை இருக்கு, அந்த மூலையில நிழல் இருக்கு. நிழல் இருந்தா மனுஷனுக்குச் சந்தேகம் வரும். சந்தேகம் வந்தா கேள்வி கேப்பான். கேள்வி கேட்டா நாங்க பதில் சொல்லணும். எங்ககிட்ட பதில் கிடையாது, அதனாலதான் வெளிச்சப் பிரிவையே ஆரம்பிச்சோம்."

இதைப் பெருமையாகத்தான் சொன்னார். அப்போது டியூப்லைட் ஒருமுறை அணைந்து எரிந்தது. எழுந்து வந்திருக்க வேண்டும். தையல்கார அம்மாளின் மாசக் கடைசி ஞாபகம் வந்தது. என்ன செய்யணும் சார் என்று கேட்டேன். அந்தச் சார் என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

சொன்னபடி செய்தேன். கூரைக்கு வெள்ளை அடித்தேன், கழுத்தைத் திருப்ப முடியாமல் போயிற்று. ஜன்னல் கதவைத் திரும்ப மாட்டினேன். பீரோக் கண்ணாடியைக் கழற்றிக் குளியலறையில் வைத்தேன். இரண்டாம் தடவை மின்னல் வந்தபோது படத்தில் மனித வாடை கூடாது என்று உத்தரவு. என் செருப்பு, என் மூக்குக் கண்ணாடி, என் மனைவியின் மாத்திரை டப்பா எல்லாவற்றையும் அள்ளிக் குளியலறையில் போட்டு, அவளையும் ஒரு நாற்காலியில் அங்கேயே உட்கார வைத்தேன்.

"நான் இருக்கற வீட்டுல நான் இருந்தா என்னவாம்?" என்று கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

"நிழல் விழுமாம்" என்றேன்.

மின்னல் மூலைக்கு மூலை ஃபிளாஷை வைத்தான். கட்டிலுக்கு அடியில் ஒன்று, பீரோ மேல் ஒன்று, கதவுக்குப் பின்னால் ஒன்று. ஒரே அறையை வெளிச்சம் மாற்றி மாற்றி எடுத்து எல்லாவற்றையும் ஒன்றாக்கினான். ஜன்னலில் குழாயை எடுத்துவிட்டு நீல வானம் வைத்தான். வானம் நிறுவனத்துடையது, எல்லா வீட்டுக்கும் அதே வானம்தானாம்.

படத்தைப் பார்த்தேன். இங்கேதான் நான் தொலைந்தேன். அப்படி ஒரு அறை. சுவர் பால் மாதிரி. தரையில் கட்டில் மிதக்கிறது. ஜன்னலில் ஆகாயம். இத்தனை வருஷம் இந்த அறையிலா இருந்தேன், தெரியாமல் போயிற்றே என்று இருந்தது. படத்தைப் போனில் வாங்கிக்கொண்டு மளிகைக்கடைக்காரரிடம் காட்டினேன். முடிவெட்டுகிறவரிடம் காட்டினேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த, முன்பின் தெரியாத ஒரு பெரியவரிடம் காட்டினேன். அவர் என் பேத்தியின் படம் என்று நினைத்து நல்ல களையான பொண்ணு என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மனைவியிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். "நல்லா இருக்குங்க. யார் வீடு?" என்று கேட்டாள்.

ரசனை கெட்டவள் என்று நினைத்தேன்.

வெளிச்சப் பிரிவு தகுதி கொடுத்தது. ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரே மாதிரிதான் செய்தார்கள். படுக்கையறை வாசலில் நின்று போனைப் பார்ப்பார்கள், அறையைப் பார்ப்பார்கள், திரும்பவும் போனைப் பார்ப்பார்கள். ஜன்னல் வழியாகக் குழாயைப் பார்த்ததும் குட் ஆஃப்டர்நூன் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விடுவார்கள். ஒருவர் மட்டும் வானம் எங்கே என்று நேராகக் கேட்டார். வானம் நிறுவனத்துடையது, அவர்களைத்தான் கேட்க வேண்டும் என்றேன்.

புகார் நிறுவனத்துக்குப் போயிற்று. வெளிச்ச அதிகாரி தானே மாடி ஏறி வந்தார். வெளியுலகத்துக்கு வந்ததால் கண் கூசிக் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். போனிலிருந்த படத்தையும் அறையையும் ஒத்துப் பார்த்தார். முகம் இறுகிவிட்டது.

"ஒத்துப் போகலையே ஐயா" என்றார்.

படத்தைக் கொஞ்சம் குறைத்துப் போட முடியுமா என்று கேட்டேன்.

"படத்துல கை வைக்க முடியாது. அது தகுதி வாங்கினது. படம் சரி, வீடுதான் தப்பு. பொய் சொல்ற வீட்டை வெச்சுக்கிட்டு நிறுவனத்து பேரைக் கெடுக்கறீங்க. வீட்டைப் படத்துக்குக் கொண்டு வாங்க, இல்லன்னா யாரையும் பார்க்க அனுப்ப மாட்டோம்."

கோபம் வந்திருக்க வேண்டும். எனக்கு வெட்கம் வந்தது. வீட்டின் மேல்தான் கோபம் வந்தது. இத்தனை வருஷம் சோறு போட்டு வளர்த்த பிள்ளை பரீட்சையில் தோற்றுவிட்டு வந்து நிற்கிற மாதிரி அந்த அறையை முறைத்தேன்.

வீட்டைப் படத்துக்குக் கொண்டு வர நிறுவனமே வழி சொன்னது. மின்னலைச் சாமான்களோடு அனுப்பி வைத்தார்கள். வாங்க வருகிறவர்கள் அறைக்குள் கால் வைக்கிற அந்த நொடியில் எல்லா ஃபிளாஷும் ஒன்றாக அடிக்க வேண்டும். படத்தில் இருந்த அதே வெளிச்சம் அப்படியே தெரியும். மின்னல் பீரோவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான். பொத்தான் என் கையில்.

முதலில் வந்தவர்கள் புதுசாகக் கல்யாணம் ஆன ஜோடி. உள்ளே வந்தார்கள், அமுக்கினேன். அந்தப் பெண் அம்மா என்று கத்திக்கொண்டு புருஷனைப் பிடித்தாள். புருஷன் கதவைப் பிடிக்கப் போய் என் கழுத்தைப் பிடித்தான். வெளிச்சம் பிடிச்சதா என்று கேட்டேன். ஒன்றும் தெரியவில்லை, வெள்ளையாக இருக்கிறது என்றான். அதுதான் சார் சுவர் என்றேன். சுவரைத் தடவிக்கொண்டே மாடி இறங்கினார்கள். அவர்கள் போன பிறகு, கொஞ்சம் முன்னாடியே அமுக்கிட்டீங்க அங்கிள் என்றான் மின்னல். அடுத்தடுத்து வந்தவர்களுக்குச் சரியான நேரத்தில் அமுக்கினேன். கை நன்றாகப் பழகிவிட்டது. வீடு மட்டும் விற்கவில்லை.

மாசக் கடைசி நாள் வந்தது. மகள் போனில் அழுதாள். தையல்கார அம்மாளை வேறொரு ஆள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறானாம், சாயங்காலம் வரைக்கும்தான் பொறுப்பாளாம். மனைவி போனை வைத்துவிட்டுக் கூடையை மேலே இழுத்தாள்.

அன்று காலை ஒரு பெண் வந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். இராத்திரி டியூட்டி முடித்து அப்படியே வந்திருந்தாள். கண் இரண்டும் சிவந்து, நிற்கும்போதே ஆடினாள். அன்றைக்கு விற்றால் உண்டு என்பதால் வெளிச்ச அதிகாரியும் கறுப்புக் கண்ணாடியோடு வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார். மின்னல் பீரோவுக்குப் பின்னால் போய்விட்டான்.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருப்பதால்தான் பார்க்க வந்ததாகச் சொன்னாள். பிறகு, "படத்துல ரொம்ப வெளிச்சமா இருந்ததுங்க. அதான் வரலாமா வேணாமான்னு யோசனை" என்றாள்.

வெளிச்சம் என்ற சொல்தான் என் காதில் விழுந்தது. யோசனை என்ற சொல் விழவில்லை.

படத்துல இருக்கறது கம்மிம்மா, நேர்ல இன்னும் ஜாஸ்தி என்று ஆரம்பித்தேன். காலையிலே சூரியன் நேரா தலையணைக்கே வந்துவிடும் என்றேன். அவள் முகம் வாடியது. போதவில்லை போலிருக்கிறது என்று, மத்தியானமும் அப்படித்தான், கண்ணை மூடினாலும் உள்ளே வெளிச்சமாக இருக்கும் என்றேன். திரை போட்டால் குறையுமா என்று கேட்டாள். எந்தத் திரையும் இந்த வெளிச்சத்தைத் தடுக்காது, நான் உத்தரவாதம் என்று மார்பில் தட்டினேன். அதிகாரி கூடத்திலிருந்து சபாஷ் என்கிற மாதிரி தலையாட்டினார். அந்த உற்சாகத்தில் அவள் வாசலில் நிற்கும்போதே பொத்தானை அமுக்கினேன். இருந்த ஃபிளாஷ் அத்தனையும் அடித்தது.

நர்ஸ் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். மன்னிச்சுக்குங்கய்யா, எனக்கு ஆகாது என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் நடந்தாள்.

அப்போது என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படியிலிருந்து வந்தாள்.

"பொண்ணே, நில்லும்மா. நீ பகல்லதானே தூங்கணும்?"

ஆமாம் என்றாள் நர்ஸ்.

"இவர் சொல்றதை நம்பாதே. அந்த ரூமுக்குள்ள சூரியன் வந்ததே கிடையாது. இவர் ராத்திரியெல்லாம் லாரி ஓட்டிட்டு வந்து பகல்ல தூங்கணும்னுதான் இந்த வீட்டையே வாங்கினோம். மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுப்பினா, விடிஞ்சிருச்சான்னு கேப்பாரு." பிறகு என் பக்கம் திரும்பினாள். "அத்தனையையும் அணைங்க. பீரோவுக்குப் பின்னால இருக்கற பிள்ளையையும் வெளிய வரச் சொல்லுங்க."

அணைத்தேன். ஜன்னலைச் சாத்தினேன். மின்னல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். அறை பழைய அறையாக ஆயிற்று. வாசலில் நின்று பார்த்தால் கட்டில் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. நர்ஸ் கையை நீட்டித் தடவிக்கொண்டே உள்ளே போனாள். கொஞ்சம் உட்கார்ந்துக்கட்டுமா என்று கேட்டாள். உட்காரும்மா என்றாள் என் மனைவி. கட்டில் கிறீச்சென்றது. அப்புறம் சத்தம் இல்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது.

வெளிச்ச அதிகாரிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வாங்க வந்தவர் தூங்கினால் என்ன செய்வது என்று அவர்கள் விதியில் இல்லை. குரலைத் தாழ்த்தாமலே பேச ஆரம்பித்தார். என் மனைவி வாயில் விரலை வைத்துக் காட்டினாள். அவர் கிசுகிசுத்தார்.

"அம்மா, இது செல்லாது. அவங்க எந்த வீட்டை வாங்கறாங்க? எங்ககிட்ட இருக்கறது வெளிச்சமான வீடு. இந்த இருட்டு வீடு எங்ககிட்ட இல்லவே இல்லையே. இல்லாத வீட்டை நாங்க எப்படி விக்கறது?"

"நீங்க விக்க வேணாம் சார்" என்றாள் அவள், அதே கிசுகிசுப்பில். "உங்ககிட்ட இல்லாத வீட்டை நாங்களே வித்துக்கறோம். உங்ககிட்ட இருக்கற வீட்டை நீங்க பத்திரமா வெச்சுக்கங்க."

அதிகாரி அதில் எங்கே தப்பு என்று யோசித்தார். கண்டுபிடிக்க முடியவில்லை போலிருக்கிறது. கறுப்புக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினார். மின்னல் குடையை மடக்கி எடுத்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினான். படிக்கட்டிலிருந்து ஒரு தடவை திரும்பி, சத்தம் வராமல் கும்பிட்டான்.

நர்ஸ் மத்தியானத்துக்கு மேல் எழுந்து வந்து, எங்கே இருக்கிறோம் என்று கேட்டாள். பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்றாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "நீங்க பேசாம இருங்க" என்றாள் என் மனைவி. இருந்தேன். மகளுக்குப் போன் போட்டு அவளே பேசினாள். தையல்கார அம்மாளுக்குச் சாயங்காலத்துக்குள் சேதி போயிற்று.

இப்போது மகள் தெருவில் இருக்கிறோம். மனைவி காலையில் அவளே கதவைத் திறந்து, அவளே தெருவில் இறங்கி, காய்கறிக்காரியோடு அவளே சண்டை போட்டு வாங்கி வருகிறாள்.

படத்திலிருக்கும் வீடு மட்டும் இன்னும் விற்கவில்லை. தகுதி வாங்கின படத்தை நீக்க விதி இல்லையாம், அதனால் நிறுவனம் இன்னும் போட்டுத்தான் வைத்திருக்கிறது. மனைவி காய் வாங்கப் போயிருந்தபோது நேற்று போனில் எடுத்துப் பார்த்தேன். பால் மாதிரிச் சுவர். ஜன்னல் நிறைய வானம். எந்தப் படத்திலும் ஒரு மாடிப்படிகூட இல்லை, முழங்காலுக்குத் தொந்தரவே இருக்காது. வாங்கிவிடலாமா என்று தோன்றியது. அவள் வருகிற சத்தம் கேட்டுப் போனை அணைத்துவிட்டேன்.